ஜாதிக்காய்த் தீவு

என் மகள் கிரெனடாவில் மருத்துவம் படிக்கிறாள். கரீபியன் கடலில் உள்ள குட்டித் தீவு நாடு அது. முந்தாநாள் அங்கே புயல் அடித்தது. நேற்று முழுக்க அவளுக்குப் போன் கிடைக்கவில்லை. ராஜபாளையம் வீட்டில் இருப்புக்கொள்ளாமல், விடுமுறைக்கு வந்தபோது அவள் கொடுத்த டப்பாவைத் திறந்தேன். உள்ளே ஜாதிக்காய். தேசியக் கொடியிலேயே ஜாதிக்காய்ப் படத்தை வைத்திருக்கும் நாடு அது. கரும்புக் காட்டு வேலைக்காக அந்தக் காலத்தில் கப்பலேறிய நம் நாட்டாரின் வழிவந்தவள், மகள் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் தந்தனுப்பியது. அந்த வாசம் என்னைப் பத்து வயதுக்கு இழுத்துப் போனது.

ஸ்ரீவில்லிபுத்தூரில், பால்கோவாக் கடைக்குப் பால் ஊற்றப் போன அம்மா, கைக்குழந்தையான தம்பியை என்னிடம் விட்டிருந்தாள். "வயிறு வலிச்சு அழுதா ஜாதிக்காய கல்லுல ரெண்டு சுத்து இழைச்சுக் குடு." அழுகை நிற்கும்வரை இழைத்து இழைத்துக் கொடுத்தேன்.

அம்மா திரும்பி வந்து எழுப்பியும் அவன் விழிக்கவில்லை.

"ஏட்டி, எம்புட்டு இழைச்ச?"

"கல்லு செவக்குற வரைக்கும்மா."

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். இருட்டும் நேரத்தில் கண் திறந்தவன், அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தான்.

மறுவாரம் அவன் அழுதபோது அம்மா கல்லை என் முன்னால் வைத்தாள். நான் பின்வாங்கினேன்.

"ஏட்டி, இனிமே ஒன்னவிட அளவு தெரிஞ்சவ இந்தத் தெருவுல யாரு இருக்கா? இழை."

இன்று காலை மகள் பேசினாள். "கூரை போயிருச்சும்மா. எனக்கு ஒண்ணுமில்ல. மலையில மரமெல்லாம் சாஞ்சு கெடக்கு. அடிபட்டவங்களுக்குக் கட்டுப் போட ஆள் பத்தல. இங்க நிக்கவா, ஊருக்கு வரவா?"

'வந்துரு' என்ற சொல் வாய் வரை வந்தது. டப்பாவிலிருந்து ஒரு ஜாதிக்காயைக் கையில் எடுத்தேன்.

"நில்லு," என்றேன். "கட்டுப் போட்டு முடிச்சுட்டுக் கூப்பிடு."