கிரகணத்தன்று சின்னம்மாவுக்குக் காவல்

எனக்கு வாய்த்த முதல் சூரிய கிரகணத்தை நான் பார்க்கவே இல்லை. அந்த எரிச்சல் இன்றைக்கும் முழுதாகத் தணியவில்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். கிரகணப் பாடத்தை ஓர் எழுத்து விடாமல் படித்து வைத்திருந்தேன். புகை பிடித்த கண்ணாடித் துண்டுகூடத் தயார். அன்று மதியம் அப்பா கூப்பிட்டு, முழுகாமல் இருந்த சின்னம்மாவோடு உள்ளறையில் உட்காரச் சொன்னார். சின்னம்மா என்றால் சித்தப்பாவின் மனைவி. கிரகணம் விடும்வரை அவர் வெளியே வரக்கூடாது, எதையும் நறுக்கக்கூடாது, உடம்பைச் சொறியக்கூடாது. அதைக் கண்காணிக்க ஓர் ஆள் வேண்டுமாம்.

"வாத்தியாரு பாக்கச் சொல்லியிருக்காருங்கப்பா."

"உங்க வாத்தியாரா புள்ள பெக்கப் போறாரு? போ உள்ள."

சன்னலில் கம்பளி தொங்கியது. அறை முழுக்கப் புளி மூட்டை. வியர்வையில் பாவாடை காலோடு ஒட்டிக்கொண்டது. வாசலில் தம்பியும் மற்ற பிள்ளைகளும், "கடிச்சிருச்சு, கடிச்சிருச்சு!" என்று கத்தினார்கள். என் கண்ணாடி தம்பியின் கைக்குப் போயிருந்தது.

ஆத்திரத்தில் சின்னம்மாவுக்குப் பாடம் எடுத்தேன். சிம்னி விளக்கு சூரியன், புளியங்கொட்டை நிலா, அவர் தலை பூமி. பாம்பும் இல்லை, விழுங்கவும் இல்லை. நிலா நடுவில் வந்து மறைக்கிறது, அதன் நிழல் நம்மேல் விழுகிறது, அவ்வளவுதான்.

"இத்தினூண்டு கொட்ட அவ்ளோ பெரிய வெளக்க எப்புடி மறைக்கும்?"

"கண்ணுகிட்ட வெச்சுப் பாருங்க."

ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மறைந்தது. உடனே கேட்டார்: "அமாவாசைக்கு அமாவாச நிலா சூரியன் பக்கந்தான போவுது? அப்பறம் ஏன் மாசாமாசம் புடிக்கல?"

என் பாடத்தில் அது இல்லை. சின்னம்மா கொட்டையைச் சற்று உயர்த்தினார், விளக்கு தெரிந்தது. தாழ்த்தினார், அப்போதும் தெரிந்தது.

"மேலயோ கீழயோ தப்பிப் போயிருமாட்டம் இருக்குது. நேரா வர்ற அன்னிக்குத்தான் மறைக்குது," என்றார்.

நிலாவின் பாதை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று நான் படித்தது பல வருஷம் கழித்து.

"அதான் புரிஞ்சிருச்சில்ல? வாங்க, ஒரே ஒரு தடவ பாத்துட்டு வந்துரலாம்." கையைப் பிடித்து இழுத்தேன்.

"வேணாஞ்சாமி. கம்பளியத் தொடாத."

இவ்வளவு புரிந்த பிறகும் ஒருவர் இப்படி உட்கார்ந்திருப்பாரா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. கொசு கடித்துத் தடித்திருந்த முழங்கையைக்கூட அவர் தொடவில்லை.

ஆடி கழிந்து அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும், கிரகணத்தன்று ஒழுங்காக இருந்ததால்தான் நல்லபடியாகப் பிறந்தது என்றார்கள். சின்னம்மா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன்.

அதற்கு முன் இரண்டு முறை அவருக்குக் கரு கலைந்திருந்தது. ஒரு முறை அந்தி நேரத்தில் கிணற்றடிக்குப் போனதையும், மறுமுறை பப்பாளி தின்றதையும் எங்கள் வீட்டிலேயே காரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். இது எனக்குத் தெரியவந்தபோது நானே ஒரு பிள்ளைக்குத் தாயாகியிருந்தேன். அன்றைக்குச் சின்னம்மா பயப்படுகிறார் என்பது மட்டும் தெரிந்தது. யாரைக் கண்டு என்று கேட்கத் தோன்றவில்லை.