குவாலிட்டி இரண்டில் கரைந்த தழும்பு

1. மேசை மேல் ஒரு பிரிண்ட்

"அண்ணே, இதுல இருக்குறது யாரு?"

காரைக்குடி செக்காலை ரோட்டில் நான் வேலை பார்த்த டி.டி.பி. சென்டரில் ஒரு மத்தியானம் ஒரு பெண் வந்து, மேசை மேல் ஒரு கலர் பிரிண்ட்டை வைத்து இப்படிக் கேட்டாள். தொண்ணூறுகளின் கடைசி. பிரிண்ட்டில் இருந்தது அவளேதான். அதே நெற்றி, அதே மூக்குத்தி. நான் சிரித்துக்கொண்டு, "நீங்கதான்" என்றேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

பிரிண்ட்டைப் பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்தேன். அவளுடைய இடது தாடையிலிருந்து கழுத்துக்கு ஒரு தழும்பு இறங்கியது. தண்ணீர் வழிந்து காய்ந்த தடம் போலச் சற்று வெளுத்து, லேசான பளபளப்போடு இருந்தது. பிரிண்ட்டில் அந்த இடம் வழவழவென்று இருந்தது.

"நீங்க அழிச்சீகளா?"

"நான் கை வைக்கவே இல்லைங்க."

"அப்ப எங்குட்டுப் போச்சு?"

அது எங்கே போனது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் சங்கடமாக இருந்தது.

2. ஐம்பது கே.பி. சட்டம்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூரில் பனியன் வெட்டினேன். சிவகாசியில் லேபிள் அடுக்கினேன். பம்பாயில் ஒரு ஹோட்டலில் தட்டு கழுவினேன், அங்கே மஞ்சள் காமாலை வந்து ஊர் திரும்பினேன். மதுரையில் ஒரு அச்சகத்தில் தரை கூட்டிக்கொண்டே, கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று போட்டோஷாப் பழகினேன். மெனுவில் இருக்கும் ஆங்கிலத்தை எனக்குப் படிக்க வராது. எந்தச் சொல் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். எந்த ஊரிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்ததில்லை. காரைக்குடியும் அப்படி ஒரு நடுவழி ஊர்தான்.

கடை ஆரோக்கியம் அண்ணனுடையது. ஒரு ஸ்கேனர், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மோடம். இணைப்பு வேண்டுமென்றால் மதுரைக்கு எஸ்.டி.டி. போட வேண்டும். மோடம் கிணற்றுக்குள் யாரோ பேசுவது போல் கொஞ்ச நேரம் முனகும், பிறகு அமைதியாகும். அந்த அமைதிதான் இணைப்பு. காற்று அடித்தால் போய்விடும். போனால் பாதி ஏறிய ஃபைலும் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் அண்ணன் மானிட்டருக்கு மேலே ஓர் அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்: 'மெயிலில் ஐம்பது கே.பி.க்கு மேல் எதுவும் போகக் கூடாது.'

ஸ்கேன் செய்த ஒரு போஸ்ட்கார்டு போட்டோ ஆறு எம்.பி. இருக்கும். அதை ஐம்பது கே.பி.க்குள் திணிக்க ஒரே வழி ஜேபெக் ஃபார்மட். சேமிக்கும்போது பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு குவாலிட்டி எண் கேட்கும். எண் குறையக் குறைய ஃபைல் சுருங்கும். அதற்கு ஈடாகப் படத்திலிருந்து எதையாவது எடுத்துக்கொள்ளும். எதை எடுக்கும் என்பதுதான் இந்தத் தொழிலில் தெரிந்துகொள்ள வேண்டியது. கண், புருவம், சேலைக் கரை மாதிரிக் கூர்மையான கோடுகளில் அது அவ்வளவு சுலபமாகக் கை வைக்காது. ஒரு நிறத்துக்கும் பக்கத்து நிறத்துக்கும் இருக்கிற லேசான வித்தியாசத்தைத்தான் முதலில் தின்னும். எட்டுக்கு எட்டு புள்ளியாகப் படத்தைக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் ஒரே பூச்சாகப் பூசிவிடும். பெரிதாக்கிப் பார்த்தால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை மாதிரி இருக்கும்.

வேலை இல்லாத மத்தியானங்களில் நான் படங்களை எண்ணூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு கன்னம் மெல்ல மெல்ல வயற்காடாக விரியும். விடியற்காலை பஸ் ஜன்னலில் தலை சாய்த்துப் பார்த்த எத்தனையோ ஊர்கள் அதில் தெரியும். பெயர் தெரியாத ஊர்கள், இறங்காமலே கடந்தவை. ஃபேன் சுற்றும். எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது.

3. நல்லா வந்திருக்கு

அந்தப் பெண் வள்ளி. அவளுடைய அப்பா சொக்கலிங்கம் பக்கத்துத் தெருவில் இரும்புக் கடை வைத்திருந்தார். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த ஒரு பையனுக்கு மகளுடைய போட்டோவை மெயிலில் அனுப்ப வேண்டுமென்று மூன்று வாரம் முன்பு கடைக்கு வந்தார்.

"முகம் லட்சணமாத் தெரியணும் தம்பி. அம்புட்டுதான்."

ஸ்கேன் செய்தேன், திரையில் தழும்பு தெளிவாக இருந்தது. படம் பெரிதாகவும் தெரிய வேண்டும், ஐம்பது கே.பி.க்குள்ளும் வர வேண்டும். குவாலிட்டி இரண்டு வைத்தேன். சேமிக்கும்போது எந்த மாற்றமும் தெரியாது, ஃபைலை மூடித் திறந்தால்தான் தெரியும். மூடித் திறந்தேன். தழும்பு இல்லை. கண்ணும் மூக்கும் அப்படியே இருந்தன, அது மட்டும் கன்னத்தின் நிறத்தோடு கரைந்திருந்தது.

நான் பார்த்தேன். என் தோளுக்குப் பின்னால் நின்று அவரும் பார்த்தார். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"நல்லா வந்திருக்கு" என்றார்.

ஆரோக்கியம் அண்ணன் எட்டிப் பார்த்து, "டச்சப் பண்ணாமலே டச்சப் ஆயிருச்சுண்ணே" என்றார். ஏதோ உபகாரம் செய்துவிட்டது போல எனக்கும் சந்தோஷமாக இருந்தது. படம் ஒரே முயற்சியில் போய்ச் சேர்ந்தது. பத்து நாளில் பதில் வந்தது. பிடித்திருக்கிறது, அடுத்த மாதம் லீவில் வருகிறோம், வந்து பெண் பார்க்கிறோம் என்று இருந்தது. சொக்கலிங்கம் அதே ஃபைலிலிருந்து சொந்தக்காரர்களுக்குக் காட்ட ஒரு பிரிண்ட் எடுத்துப் போனார். அந்தப் பிரிண்ட்தான் இப்போது என் மேசையில் கிடந்தது.

4. எதைக் குறைக்கலாம்

குவாலிட்டி எண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததை வள்ளியிடம் சொன்னேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டாள்.

"சின்னதுல மணகோலப் பலகாரம் சுடுற எண்ணெய் தெறிச்சது இது. போன தையில ஒரு இடத்துல இருந்து வந்தாக. ஸ்டூடியோக்காரர் அழிச்சுக் குடுத்த படத்தைப் பாத்துட்டு வந்தவுக. காபியில ஒரு வாய் குடிச்சாக. என்னைப் பாத்ததும் அந்தம்மா டம்ளரைக் கீழ வச்சுட்டு, 'படத்துல ஒண்ணு, நேர்ல ஒண்ணா? எங்களைக் கூப்பிட்டு ஏமாத்துறீகளா?'ன்னு கேட்டுட்டு எந்திரிச்சாக. வீடு நிறைய ஆளுக. எங்க அப்பச்சி கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னாக." அப்பாவைத்தான் அப்பச்சி என்றாள். "தழும்பு எனக்குப் பழகிருச்சு அண்ணே. ஏமாத்துக்காரின்னு இன்னொரு தடவை கேக்க என்னால முடியாது."

பையன் வீட்டார் வர இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. அதற்குள் சரியான படம் போய்ச் சேர வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

"ஃபைல் பெருசாயிரும். லைன் தாங்காது" என்றேன்.

"பெருசானா எதையாச்சும் குறைப்பீகள்ல? சேலையைக் குறைங்க. பின்னால தொங்குற திரையைக் குறைங்க. அந்தப் பூ ஜாடி ஸ்டூடியோக்காரர் வச்சது, எங்க வீட்டுதுகூட இல்லை. அதை எதுக்கு அமெரிக்கா வரைக்கும் அனுப்பணும்?"

இத்தனை வருஷத்தில் எனக்கு இது தோன்றியதே இல்லை. ஃபைல் பெரிதாக இருந்தால் எண்ணைக் குறைப்பேன். எண் எல்லாவற்றையும் ஒரே மாதிரி நசுக்கும், ஜாடியையும் முகத்தையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஒரிஜினல் போட்டோவை அவள் கொண்டுவந்திருந்தாள். மறுபடி ஸ்கேன் செய்து, முகமும் கழுத்தும் மட்டும் நிற்கும்படி வெட்டினேன். குவாலிட்டி எட்டு. நூற்று எண்பது கே.பி. வந்தது. ஃபார்மட்டில் புரொகிரசிவ் என்பதைத் தட்டினேன். அப்படிச் சேமித்தால் படம் மேலிருந்து கீழே வரி வரியாக வராது, மொத்தமாக மங்கலாகத் தோன்றிப் படிப்படியாகத் தெளியும்.

அவளுக்குக் காட்டுவதற்காக ஒரு ஃபிளாப்பியில் போட்டு அதிலிருந்தே திறந்தேன். ஃபிளாப்பி மெதுவாகப் படிக்கும். கரகரவென்று சத்தம் வந்தது. திரையில் முதலில் பனிமூட்டம். அதற்குள் ஏதோ ஒரு முகம், யாருடையது என்று சொல்ல முடியாது. இன்னொரு கரகர. கண் வந்தது, புருவம் வந்தது. கடைசிச் சுற்றில்தான் தாடை ஓரத்தில் அந்தத் தடம் மெதுவாக இறங்கி வந்து நின்றது. கண்மாய்த் தண்ணீர் தெளியும்போது அடியில் கிடக்கும் கல் தெரிவது மாதிரி இருந்தது.

"இதுதான்" என்றாள் வள்ளி.

மெயிலில் ஏற்றும்போது ஆரோக்கியம் அண்ணன் சாப்பிட்டுவிட்டு வந்தார். லைன் இரண்டு தடவை அறுந்து மூன்றாவது தடவை ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்ப்பா, அட்டையில என்ன எழுதியிருக்கு?"

"ஐம்பதுண்ணே."

"நீ எவ்வளவு அனுப்புற?"

"நூத்தி எண்பது."

அவர் வள்ளியைப் பார்த்தார். "உங்க அப்பச்சிக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது. போனதும் சொல்லிருவேன்."

"வீட்டுக்குப் போனதுமா, படம் போனதுமா?"

"எது முந்துதோ அது."

காற்று வராமல் இருக்க அண்ணன் ஜன்னல் கதவைச் சாத்தினார். போன் கம்பி தெருவில் இருக்கும்போது ஜன்னலைச் சாத்தி என்ன ஆகப்போகிறது? ஆனாலும் சாத்தினார். படம் போய்ச் சேர்ந்தது.

5. எது சரி?

மறுநாள் காலை கடை திறந்ததும் சொக்கலிங்கம் வந்தார். கத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நான் குடுத்த வேலைக்கு மேல நீ வேலை பாத்திருக்கே."

"ஆமாங்க."

"உன் வேலை போயிரும், தெரியுமா?"

"வேலை போறது எனக்குப் பழக்கம்தாங்க."

"தெனாவெட்டைப் பாரு" என்று ஆரோக்கியம் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் பேப்பரை எண்ணுகிற மாதிரிக் குனிந்துகொண்டார்.

நான் ஃபிளாப்பியைப் போட்டேன். மறுபடி கரகர. பனிமூட்டம் விலகி மகளுடைய முகம் வந்து, தழும்பு வந்து, படம் நின்றது. அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிட உக்காந்தாலும், கார்ல போனாலும், நான் அவளுக்கு வலப்பக்கந்தான் உக்காருவேன்" என்றார். "நானா அப்படிப் பழகிட்டேன். அவளுக்குத் தெரியாதுன்னு நினைச்சிருந்தேன். நேத்து ராத்திரி சொல்றா."

பிறகு எழுந்து போய்விட்டார். என்னை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லவில்லை.

நாலாம் நாள் பையனிடமிருந்து மெயில் வந்தது. ஆங்கிலத்தில் மூன்று வரி. ஆரோக்கியம் அண்ணன் சொக்கலிங்கத்தைக் கூப்பிட்டு, படித்துத் தமிழில் சொன்னார். 'இரண்டு படங்கள் வந்திருக்கின்றன. போட்டோ ஒன்றுதான் என்று தெரிகிறது, ஆனால் முகம் ஒன்றாக இல்லை. எது சரி?'

பதில் சொல்ல வேண்டியவர் ஒரே ஒருவர்தான். என் கை கீபோர்டில் காத்திருந்தது. வெளியே ஒரு ஆட்டோ நின்று, யாரையோ இறக்கிவிட்டுப் போனது. குன்றக்குடி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது.

"கம்ப்யூட்டர் கோளாறுன்னு போட்டுறலாமாண்ணே?" என்று அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"கோளாறு கம்ப்யூட்டர்ல இல்லையே" என்றார் சொக்கலிங்கம். என் பக்கம் திரும்பினார். "தம்பி, எழுது. ரெண்டாவது படந்தான் என் மக. மொதப் படத்தைப் பாத்தப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அனுப்புனேன். தப்பு என்னோடது, பிள்ளை மேல இல்லை."

அண்ணன் ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல நான் அடித்தேன். மொத்தம் ஒரு கே.பி. கூட இல்லை. அந்தக் கடையிலிருந்து நான் அனுப்பியதில் அதுதான் ஆகச் சிறியது. பொத்தானை அழுத்தி நான் கையை எடுப்பதற்குள் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஐந்து நாள் எதுவும் வரவில்லை. சொக்கலிங்கம் தினமும் இரண்டு தடவை வந்து வாசலில் நின்று முகத்தால் கேட்பார். நான் தலையை ஆட்டுவேன், போய்விடுவார். வள்ளி வரவே இல்லை. ஆறாம் நாள் பதில் வந்தது. 'சொன்ன தேதியில் வருகிறோம். அம்மா அந்தப் படத்தை வெட்டாமல் முழுதாகப் பார்க்க ஆசைப்படுகிறார். அனுப்ப முடியுமா?'

சொக்கலிங்கம் என்னிடம் கேட்டார். "முழுசா, எதையும் குறைக்காம அனுப்புனா எவ்வளவு நேரம் ஆகும்?"

"குவாலிட்டி பத்து வச்சா ஒரு எம்.பி.யைத் தாண்டும். லைன் அறுந்து அறுந்து வரும். மத்தியானம் பூராவும் ஆகும்."

"ஆகட்டும்" என்றார்.

ஆரோக்கியம் அண்ணன் ஸ்டூல் மேல் ஏறி, அட்டையைக் கழற்றிக் குப்புற வைத்தார். ஏற்றத் தொடங்கினேன். பாதியில் அறுந்தது. மறுபடி. முக்கால்வாசியில் அறுந்தது. மறுபடி. சொக்கலிங்கம் தன் கடைக்கு ஆள் விட்டு, சாப்பாட்டுக்கு வரவில்லை என்று சொல்லச் சொன்னார். திரையில் நீலப் பட்டை நகர்வதையே பார்த்துக்கொண்டு, எழாமல் உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது கண் மூடியது. தூங்கினாரா, கும்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது. நாலே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தது.

அவர்கள் வந்தார்கள், கல்யாணம் நடந்தது. நான் அதற்கு முன்பே ஓசூருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

பிறகு பல ஊர்களில் பல கம்ப்யூட்டர்களின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். இன்று படம் அனுப்ப லைன் பிரச்சினை இல்லை. ஆனால் அமுக்காமல் எதுவும் போவதில்லை, எண்ணை யாரும் நம்மைக் கேட்பதுகூட இல்லை. இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். ஒரிஜினலைத் தனியாக வையுங்கள். சேமித்ததும் மூடித் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். ஜேபெக்கைத் திரும்பத் திரும்ப ஜேபெக்காகச் சேமிக்காதீர்கள். எண்ணைத் தொடுவதற்கு முன்னால், படத்தைக் கொண்டுவந்தவரிடமும், முடிந்தால் படத்தில் இருப்பவரிடமும், எது போனால் பரவாயில்லை, எது போகவே கூடாது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் விரல் வைக்கிற இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அது நீங்கள் நினைத்த இடமாக இருக்காது.