முகமூடிக்காரர்களின் அறை

ஓவியக் காட்சிச்சாலையில் காவல் வேலை என்பது நாள் முழுக்க நின்றுகொண்டு, 'தொடாதேங்கோ' என்ற ஒரே சொல்லை நூறு விதமாகச் சொல்வது. கடையிலோ தொழிற்சாலையிலோ நின்று பிழைக்கிறவர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிக்கரிங்கிலிருந்து ரயில் பிடித்து வந்து, ஆறு வருசமாக ஒரே படத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன். ரொகோகோ பாணி என்பார்கள்: பூவேலை, மினுங்கும் பட்டு, மெழுகுதிரி வெளிச்சம். பெரிய இடத்து நடன விருந்து, எல்லார் முகத்திலும் முகமூடி. நடுவில் நீலப் பட்டுக்காரி ஒருத்தியின் காதுக்குள் கறுப்பு முகமூடிக்காரன் எதையோ சொல்கிறான்.

ஆர் அவன்?

ரெக்ஸ்டேலிலிருந்து ஒரு அன்ரியும் அங்கிளும் வந்தார்கள். மகள் ரிக்கெற் எடுத்துக் கொடுத்தாளாம். அங்கிள் நேரே சுவரோர வாங்கில் போய் இருந்து போனைத் திறந்தார். அன்ரி படத்தை விட்டு அசையவில்லை. என் சட்டையில் இருந்த பெயரை வாசித்து, தமிழ்ப்பிள்ளை என்று பிடித்துக்கொண்டா.

"பிள்ளை, உவன் அவளின்ர மனிசனோ?"

புருசனோ என்னவோ தெரியாது அன்ரி, முகம் மூடியிருக்கே என்றேன். அவ திரும்பி வாங்கில் இருந்த அங்கிளைப் பார்த்தா. பிறகு படத்தைப் பார்த்தா. "மனிசன் இல்லை. மனிசன் எண்டா உவ்வளவு கிட்ட வந்து கதைக்கமாட்டான்."

கோட்டுக்கு அந்தப் பக்கம்

ஒருநாள் காலமை ஒரு இளைஞன் தனியே வந்தான். பின்னேரம் ஒரு பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறானாம், இந்தப் படத்துக்கு முன்னால் மோதிரம் கொடுத்துக் கேட்கப்போகிறானாம். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் இங்கேதான் அவளோடு முதன்முதல் கதைத்தவனாம். கேள், ஆனால் படத்துக்கு முன்னால் தரையில் இருக்கிற கோட்டைத் தாண்டாதே, அலாரம் அடிக்கும் என்றேன்.

மூன்று மணிக்கு இருவரும் வந்தார்கள். முழந்தாளிட்ட பதற்றத்தில் அவன் பின்னுக்குச் சரிந்து கோட்டைத் தாண்டிவிட்டான். அலாரம் அலறத் தொடங்கியது. சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். எல்லாம் கெட்டுது என்றுதான் நினைத்தேன். வோக்கிடோக்கியைத் தேடிக்கொண்டிருந்த என்னிடம் அவள் கத்தினாள்: "அன்ரி, அதை நிப்பாட்டுங்கோ! நான் ரெண்டுதரம் ஓம் சொல்லிட்டன், இவருக்குக் கேக்கேல்லை!"

செவ்வாய்க்கிழமைக்காரி

நாற்பது வயதிருக்கும். செவ்வாய்தோறும் தனியே வந்து அந்தப் படத்துக்கு முன்னால் அரைமணி நேரம் இருப்பா. தொற்றுக்காலம் முடிந்து ஊரெல்லாம் மாஸ்க்கைக் கழற்றிய பிறகும் அவ கழற்றவில்லை. ஆறேழு மாசம் தலையசைப்போடு சரி. பிறகு தானாகச் சொன்னா, ஒப்பரேசன் ஒன்றுக்குப் பிறகு வாய் ஒரு பக்கம் இழுத்துவிட்டதாம். "இந்த அறையில எல்லாருமே முகத்தை மூடியிருக்கினம், அக்கா. என்னை ஒருத்தரும் பாக்கிறேல்லை."

பனி கொட்டிய ஒரு செவ்வாய், அறையில் நாங்கள் இருவர் மட்டும். போனை என் கையில் தந்து, படத்துக்கு முன்னால் போய் நின்று மாஸ்க்கைக் கழற்றினா. நான் போனை உயர்த்திப் பிடித்தேன். வழக்கத்தில் வருவதுபோல, "கொஞ்சம் சிரியுங்கோ" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். அவவின் கண் இரண்டும் மினுங்கின.

"சிரிச்சுக்கொண்டுதான் நிக்கிறன், அக்கா. எடுங்கோ."

படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்றாலும், பார்க்க வேண்டியதில் பெரும்பங்கைப் பார்த்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.