எனக்கு இல்லாத முட்டி வலி

கொரோனா ஓய்ந்து ஊர் முகமூடியைக் கழற்றிய சமயம் நடந்தது இது. மலேசியாவில் கோலா சாவா பக்கத்தில், எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனைத் தோட்டம். வரிசையாகக் கட்டின லயத்து வீட்டில் நானும் என் மகனும் மட்டும்தான்.

மகன் பனைக்குலை வெட்டுகிறவன். ஒருநாள் குலை சரிந்து முதுகில் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நல்ல பவரான வலி மாத்திரை கொடுத்தார்கள். முதுகு ஆறிவிட்டது. மாத்திரைதான் அவனை விடவில்லை. வேலைக்குப் போவது நின்றது. ஒரு காலையில் எவ்வளவு உலுக்கியும் அவன் எழவில்லை. மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். இருந்தது. அன்றிலிருந்து தினமும் வைத்துப் பார்ப்பேன். யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வாய் வராது.

அந்த நாட்களில் ஒரு வேடிக்கை. கோவிலுக்குப் போனால் எனக்கு நாற்காலி போடுவார்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் "முட்டி எப்படி இருக்கு அக்கா?" என்பார்கள். வயசானவள் என்று கேட்கிறார்கள் போல என்று நானும் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு நடப்பேன்.

ஒருநாள் குழாயடியில் குத்துக்காலிட்டு மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏன்க்கா, முட்டிய மடக்கவே முடியலன்னு நேத்துகூட உங்க மகன் மாத்திரை வாங்கிட்டுப் போச்சே?"

கழுவின மீனையே திரும்பத் திரும்பக் கழுவினேன். லயத்தில் வலி மாத்திரை இல்லாத வீடு கிடையாது. சீனி, உப்பு மாதிரி அதையும் கேட்டால் கொடுத்துவிடுவோம். வீடு வீடாக என் முட்டியைச் சொல்லி வாங்கியிருக்கிறான்.

தோட்டத்தை விட்டே போய்விடலாமா என்றிருந்தது. அன்று சாயந்திரமே, பக்கத்து வீட்டுக்காரி சொல்லி, கோவில் மாதர் சங்கத்துத் தலைவி நாலைந்து பெண்களோடு வந்துவிட்டாள். "தோட்டமே சேந்து உங்க முட்டிக்கு வைத்தியம் பாத்திருக்கோம் லா, எங்களுக்கு ஒரு காப்பிகூட கிடையாதா?" என்றாள். அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

இல்லை என்று சொன்னால் அடுத்த வீட்டுக்குப் போவான், அதனால் யாரும் இல்லை என்று சொல்ல வேண்டாம், "வா தம்பி, அம்மாவ பாத்துட்டுத் தரேன்" என்று கூடவே வந்துவிட வேண்டும் என்று அவர்களுக்குள் பேசிவைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் அப்படித்தான் நடந்தது. முதலில் ஒருத்தியோடு வந்தான். அவளை விட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனான். அங்கிருந்து இன்னொருத்தி பின்னாலேயே வந்தாள். கொஞ்ச நேரத்தில் வாசல் நிறையப் பெண்கள். முன்பு வேலையாட்களை மேய்த்த பழைய மண்டோரின் பெண்சாதி கைத்தடியோடு வந்து "உண்மையான முட்டி வலிக்காரி நான்தாண்டா, என்னைய யாரு கேட்டா?" என்றாள்.

மகனுக்கு முகம் கறுத்துவிட்டது. "எல்லாரையும் கூட்டி என் மானத்த வாங்குறியா?" என்று என்னிடம் பாய்ந்தான். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைக் கொஞ்சம் தூக்கி இரண்டு முட்டியையும் காட்டினேன்.

"எந்த முட்டிப்பா?"

படியிலேயே உட்கார்ந்துவிட்டான். என் காலைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

அடுத்த நாள் அவர்களே வேன் பிடித்து ரெம்பாவ் கிளினிக்குக் கூட்டிப் போனார்கள். ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர். மாத்திரை பக்கத்து வீட்டில் இருக்கும். காலையில் போய், அவள் முன்னால் போட்டுக்கொண்டு வருவான். நடுவில் ஒருமுறை செண்டாயான் டவுனுக்குப் போய் எங்கேயோ வாங்கிவிட்டான். கிளினிக்கில் மறுபடி முதலிலிருந்து. பெண்களும் சலித்துப் போனார்கள், நானும்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் வேனில் யாராவது ஒருத்தி துணைக்கு வந்தாள்.

இப்போது பாதி நாள் வேலைக்குப் போகிறான். நான் இன்னும் காலையில் மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறேன். வைத்தால் "இருக்கேம்மா" என்கிறான்.

இந்த வருஷம் எனக்கு நிஜமாகவே இடது முட்டி வலிக்கிறது. வீட்டில் மாத்திரை சேரக்கூடாது என்று வெளியே சொல்வதில்லை. கேட்டால் பரவாயில்லை என்கிறேன், ஆனால் இந்தத் தோட்டத்தில் இப்போது என் வார்த்தையை நம்பாமல் ஆளுக்கு ஒருமுறை குனிந்து முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்களே, அந்தக் கைகளை நினைத்தால்தான் இன்னும் கொஞ்ச நாள் நடக்கலாம் என்று தோன்றுகிறது.