மோனிக் வீட்டு மொட்டைமாடிப் பூட்டு

தையல் மெஷின் எண்ணெயும் பித்தளைக் களிம்பும் கலந்த வாடை ஒன்று உண்டு. சோப்புப் போட்டுக் கழுவினாலும், சோறு பிசைந்து சாப்பிட்டாலும், விரல் நுனியை விட்டுப் போகாது. பதின்மூன்று வயதில் தொடங்கி ஏறக்குறைய இரண்டு வருடம் நான் அந்த வாடையோடுதான் பள்ளிக்கூடம் போனேன். காரணம், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பழைய பூட்டு. எழுத்தெல்லாம் தேய்ந்து, ஓரம் மழுங்கி, சாவித் துவாரத்தை மூடும் சின்னத் தகடுகூட விழுந்துபோன பூட்டு.

இரண்டாயிரமாவது ஆண்டு கடந்த புதிது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன ஊரில், உப்பளம் என்கிற பகுதியில் நாங்கள் குடியிருந்தோம். வகுப்பில் மற்றவர்கள் ஸ்டாம்ப் சேர்த்தார்கள், ஸ்டிக்கர் சேர்த்தார்கள். எனக்குச் சாவி இல்லாமல் பூட்டைத் திறக்கிற கிறுக்கு. சொந்த சைக்கிள் சாவியைத் தொலைத்துவிட்டு, அப்பாவிடம் சொல்லப் பயந்து, ஹேர்பின்னை விட்டுக் குடைந்து திறந்த அன்று பிடித்தது அது. அப்புறம் சூட்கேஸ், பீரோ, பக்கத்து வீட்டு கேட் என்று வரிசையாக வாய் பிளக்க வைத்தேன். குடைக்கம்பி ஒன்று, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி இரண்டு, தட்டையாக்கி முனை வளைத்த ஹேர்பின் நான்கு, எல்லாம் காம்பஸ் பாக்ஸில் கணக்கு நோட்டோடு கூடவே பயணம் செய்தன. நானே கண்டுபிடித்து நானே கும்பிட்ட விதி ஒன்றும் இருந்தது: பூட்டிடம் முரட்டுத்தனம் கூடாது. முறுக்குகிற கை பூப்போல இருக்க வேண்டும். தட்டுவது, அடிப்பது, உலுக்குவது எல்லாம் திறக்கத் தெரியாதவர்கள் செய்கிற வேலை.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி மோனிக் இருந்தாள். அவள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. ஒரே வகுப்பு, ஒரே டியூஷன். நான் ஒரு வாரமாக டியூஷனுக்கு மட்டம் போட்டுவிட்டுப் பழைய இரும்புக் கடையில் உட்கார்ந்து கூடையில் கிடந்த பூட்டுகளைக் கிளறிக்கொண்டிருந்த விஷயம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அது அம்மா காதுக்குப் போய்விட்டது. முதுகில் விழுந்ததைக்கூட மறந்துவிடலாம். நான் சேர்த்து வைத்திருந்த பதினோரு பூட்டையும் அம்மா குப்பை வண்டியில் போட்டதைத்தான் தாங்க முடியவில்லை. "நீதான சொன்ன?" என்று மோனிக்கிடம் கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள். அதோடு பேச்சு நின்றது.

பத்து நாளில் அவர்கள் குடும்பத்தோடு பிரான்சுக்குப் புறப்பட்டார்கள். அவள் அப்பாவுக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது. வேன் வாசலில் நின்றபோது மோனிக் ஓடி வந்து, தாத்தாவின் பழைய தகரப் பெட்டியை என் கையில் திணித்தாள். "எல்லாம் உள்ள எழுதி வெச்சிருக்கேன், படி" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டே வாங்கினேன். வேன் தெருமுனை திரும்பிய பிறகுதான் பெட்டியைப் பார்த்தேன்; கொண்டியில் பூட்டு தொங்கியது. அவர்கள் மொட்டைமாடிக் கதவில், காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளக் கூடாது என்று மாட்டி வைத்திருந்த அதே பூட்டு. அவள் முன்னே ஏறிப் போய்த் திறப்பாள், நான் பின்னால் போவேன். அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் பழக்கம். சாவியைக் கொடுக்காமலே போய்விட்டாளே என்று வயிறு எரிந்தது.

அன்று மாலையே கம்பியை எடுத்தேன். ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன். இந்த ரகப் பூட்டுக்குள் தகடுகள் அடுக்காக இருக்கும், சாவி அவற்றை ஒரே மட்டத்துக்குத் தூக்கினால் பூட்டு திறக்கும். புதிய பூட்டில் ஒவ்வொரு தகடும் கம்பி நுனியில் சன்னமாகத் தட்டுப்பட்டு "இதோ இருக்கேன்" என்று சொல்லும். இதிலோ எல்லாம் தேய்ந்து கூழாகிக் கிடந்தன. ஒன்றைத் தூக்கி நிறுத்தினால் இன்னொன்று நழுவியது. இரண்டும் நின்றால் மூன்றாவது எங்கே என்றே தெரியவில்லை. எண்ணெய் விட்டேன், மண்ணெண்ணெயில் ஊற வைத்தேன், பென்சில் கரியைத் தூவினேன். பரீட்சை வந்தது, லீவு வந்தது, மறுபடி பள்ளிக்கூடம் திறந்தது. அந்தப் பாழாய்ப்போன பூட்டு மட்டும் திறக்கவில்லை. ஒரு தடவை ஏதோ அசைந்த மாதிரி இருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அசைந்தது என் கம்பி; நுனி ஒடிந்திருந்தது.

அம்மாவுக்கு என்னைப் பார்க்கச் சிரிப்பாகவும் எரிச்சலாகவும் இருந்திருக்க வேண்டும். "ஏன்டி, பூட்ட மடியில வெச்சு கொஞ்சிக்கிட்டு இருக்க? அடியில ரெண்டு தட்டு தட்டுனா தானா தொறந்துக்கப் போவுது" என்பாள். "தட்டுறதுக்கு நான் எதுக்கு? உனக்கு ஒன்னும் தெரியாது, சும்மா இரும்மா" என்று சீறுவேன். அப்பா, "கொண்டிய அறுத்துடலாம், ரெண்டே நிமிஷம்" என்று ஆக்ஸா பிளேடோடு வந்தார். பெட்டியை எடுத்து என் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

உண்மையில் எனக்குக் கோபம் நாலாம் நாளே தீர்ந்துவிட்டது. அவள் சொன்னாளா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசை. அதைவிட, அவளுக்குக் கடிதம் எழுத ஆசை. விலாசம் இல்லை. கருவடிக்குப்பத்தில் அவள் அத்தை இருந்தார், "போய்க் கேட்டுட்டு வாயேன்டி" என்று அம்மா பல தடவை சொன்னாள். சைக்கிளில் போகிற தூரம்தான். போகவில்லை. எங்கள் விலாசம் அவளுக்குத் தெரியுமே, முதலில் அவள் எழுதட்டும் என்ற வீம்பு. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு நாளும், சாவியையும் எடுத்துக்கொண்டு போய் மௌனமாகவும் இருக்கிறாளே என்று அந்தப் பூட்டின் மேல் ஆத்திரத்தைக் காட்டினேன். அப்போதும் மென்மையாகத்தான்.

இரண்டு வருடம் கழித்து ஆகஸ்டில், "வக்கான்ஸ்" என்று அவர்கள் சொல்கிற விடுமுறைக்கு மோனிக் வந்தாள். உயரமாகியிருந்தாள், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அவள் அம்மா எங்கள் அம்மாவோடு கூடத்தில் பேசிக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் அறையில் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றோம். நான் பெட்டியை எடுத்து அவள் முன் வைத்தேன்.

"சாவிய நீ எடுத்துக்கிட்டுப் போயிட்ட" என்றேன். இரண்டு வருடம் ஒத்திகை பார்த்த வாக்கியம் அது.

"சாவியா?" என்றாள். பெட்டியைப் பார்த்தாள், சாவித் துவாரத்தைச் சுற்றியிருந்த கீறல்களைப் பார்த்தாள். பிறகு கொண்டியோடு பூட்டைத் தூக்கி, லேசாகச் சாய்த்துப் பிடித்து, அடிப்பாகத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாள். டக். பூட்டு திறந்துகொண்டது. "வுவாலா" என்றாள், இதோ பார் என்று பிரெஞ்சில்.

"இதுக்கு சாவி ஏது? எங்க தாத்தா இருக்கும்போதே தொலஞ்சு போச்சு. தட்டித்தான் தொறப்போம். தெனம் எங்க வீட்டுக்கு வந்தியே, நீ பாத்ததே இல்லையா?"

என் வாயில் ஈ புகுந்திருந்தாலும் தெரிந்திருக்காது. பெட்டிக்குள்ளே நோட்டுத் தாள் ஒன்றுதான் இருந்தது. 'ஆமா, நான்தான் சொன்னேன். டியூஷன் மிஸ் உங்க வீட்டுக்கு வர்றதா இருந்தாங்க. அவங்க சொல்றதுக்கு முன்னாடி நான் சொன்னா உனக்கு அடி கம்மியா விழும்னு நெனச்சேன். பூட்ட எல்லாம் தூக்கிப் போடுவாங்கன்னு தெரியாது. உனக்காகத்தான் எங்க மாடிப் பூட்ட குடுத்திருக்கேன், பதினோரு பூட்டுக்கு ஒன்னு.' கீழே பிரான்ஸ் விலாசம். அதற்கும் கீழே, 'கோவம் தீந்தா எழுது. நீ எழுதலன்னா தீரலன்னு நெனச்சுக்கிட்டு நானும் எழுத மாட்டேன்.'

"ஆறு மாசம் பாத்தேன்" என்றாள் மோனிக். "அப்புறம் வுட்டுட்டேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன், அவளும் கேட்டாள், அம்மா கொடுத்த கேசரியைச் சாப்பிட்டோம். கிளம்பும்போது எழுதுவதாக இருவரும் சொன்னோம். இரண்டு கடிதம் நான் எழுதினேன், ஒன்று அவள் எழுதினாள், பாதி பிரெஞ்சில்.

அவர்கள் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். மொட்டைமாடிக் கதவில் இப்போது எண்களை அழுத்தினால் திறக்கிற பூட்டு. பழைய இரும்புக் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. அம்மாவும் இல்லை, இருந்தால் ஒரே ஒரு தடவையாவது "நீ சொன்னதுதான் சரி" என்று சொல்லியிருப்பேன், அதை அவள் உயிரோடு இருந்தவரை சொல்ல வாய் வரவில்லை. எனக்கு அந்தக் கிறுக்கு மட்டும் போகவில்லை. வாங்கி வைத்திருக்கிற நல்ல கம்பிகளைக் கொண்டு எத்தனையோ பூட்டுகளைத் திறந்துவிட்டேன். மோனிக்கின் பூட்டு மேசை மேல் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை எண்ணெய் விட்டு, கம்பியை விட்டு, பூப்போலக் கையை வைத்து முயல்கிறேன், இன்றுவரை திறந்ததில்லை. எரிச்சலில் தூக்கி அடியில் ஒரு தட்டு தட்டுகிறேன். உடனே திறந்துகொள்கிறது.