கட்டிங் வந்துச்சா?

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஆங்கில வார்த்தை என்று ஒன்று உண்டென்றால் அது 'கட்'தான். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத என் மாமியார்கூட, கரண்ட் போனால் 'கட் பண்ணிட்டான்' என்றுதான் திட்டுவார். பேச்சு பிடிக்கவில்லையென்றால் போனையும் அவரே கட் பண்ணுவார். பையன்கள் காலேஜுக்குக் கட் அடிப்பார்கள். சாயங்காலம் கடைவீதியில் ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டு குவார்ட்டர் பாட்டிலுக்குப் பங்கு ஆள் தேடினால் அதற்கும் கட்டிங் என்றுதான் பெயர். நான் ரவிக்கை தைக்கிறவள். எனக்குக் கட்டிங் என்றால் துணிமேல் போட்ட சாக்பீஸ் கோடு.

தமிழில் வார்த்தை இல்லாமலா? கீரையை அரிகிறோம், வெங்காயத்தை நறுக்குகிறோம், நெல்லை அறுக்கிறோம், இளநீரைச் சீவுகிறோம், விறகைப் பிளக்கிறோம், கரும்பை வெட்டுகிறோம். ஆனால் கரும்பு போட்டவனைப் பார்த்து யாரும் 'வெட்டியாச்சா' என்று கேட்பதில்லை. 'கட்டிங் வந்துச்சா' என்றுதான் கேட்பார்கள். வெட்டுவது நம் நிலத்தில், நம் கொல்லையில்தான் என்றாலும், எப்போது வெட்டலாம் என்ற உத்தரவு சர்க்கரை ஆலையிலிருந்து வர வேண்டும். அது வராமல் வெட்டினால் அந்தக் கரும்பை யாரும் தொட மாட்டார்கள், மாட்டுக்குத்தான் போட வேண்டும்.

அந்த வருஷம் எங்களுக்குக் கட்டிங் வரவில்லை. கரும்பு பூத்துவிட்டது. பூத்த கரும்பு நிற்க நிற்க உள்ளே சக்கையாகி எடை இறங்கும். என் வீட்டுக்காரர் தினமும் வண்டியை எடுத்துக்கொண்டு ஆலையின் வட்டார அலுவலகத்துக்குப் போவார், அடுத்த வாரம் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். கட்டிங் வந்துச்சா என்று மணலூர்பேட்டை டீக்கடையில் கேட்டார்கள், சாவு வீட்டில் பாடை கட்டிக்கொண்டே கேட்டார்கள். கடைசியில் அவர் ஆட்கள் இருக்கும் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

இந்தப் பக்கத்தில் இதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. எரிந்துபோன கரும்பை நாள்கணக்கில் போட்டு வைக்க முடியாது, கெட்டுவிடும். அதனால் தீப்பிடித்த கொல்லைக்கு மட்டும் உத்தரவு ஓடி வரும். பணத்தில் கொஞ்சம் கட் பண்ணுவார்கள், அவ்வளவுதான். எவனோ பீடியை அணைக்காமல் போட்டுவிட்டான் என்று எழுதிக் கொடுப்பார்கள். எழுதுகிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும், அந்தப் பீடியைக் குடித்தவன் பிறக்கவே இல்லை என்று.

ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, மேலக்கொல்லைக்காரனுக்குத் தீப்பிடித்த கையோடு கட்டிங் வந்துவிட்டது என்றார். அப்படி ஒரு நினைப்பே வேண்டாம் என்றேன்.

"நான் இன்னா கொளுத்தப் போறேன்னா சொன்னேன்? பேச்ச கட் பண்ணு" என்று பாதிச் சோற்றோடு எழுந்து போனார்.

நான் பயந்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் கொல்லையை ஒட்டிய கழனியில் கல்வராயன் மலையிலிருந்து வந்த கரும்பு வெட்டாட்கள் தார்ப்பாய் கட்டித் தங்கியிருந்தார்கள். அங்கே கரும்பெல்லாம் வெட்டி வெட்டவெளியாகிவிட்டது. அந்தப் பெண்களில் ஒருத்தி கிழிந்த ரவிக்கைக் கையைத் தைத்துக்கொள்ள என்னிடம் வந்தாள். நான் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது, "ஒதுங்கறதுக்கு உங்க கரும்புதாங்க எங்களுக்கு மறைவு" என்று சிரித்தாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. அவரிடம் சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். பேசாத மனுஷனிடம் எதைப் பிடித்துச் சண்டை போடுவது? ஒரு கல்யாண ரவிக்கைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டி வைத்து, பெண்ணின் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தக் கோபத்தையும் சேர்த்து அவர்மேல்தான் வைத்தேன்.

பிறகு ஒரு மத்தியானம். கரண்ட் கட் ஆகி மிஷின் நின்றுபோனதால் வீடே அமைதியாக இருந்தது. அவர் சமையலறைக்குள் போய் வந்த சத்தம் கேட்டது, அடுத்து வண்டி கிளம்பியது. போய்ப் பார்த்தேன். அடுப்பு மேடையில் தீப்பெட்டி இல்லை. அவருக்குப் பீடி, சிகரெட் எந்தப் பழக்கமும் கிடையாது.

செருப்பைத் தேடக்கூட நிற்கவில்லை. வண்டி சுற்றுப்பாதையில் போகும், நான் வாய்க்கால் வழியாக ஓடினால் முந்திவிடலாம். போனபோது வெட்டாட்கள் தூரத்தில் வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அங்கே இருக்கிறார்களா, ஒருத்தி குறைகிறாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? கரும்புக்குள் புகுந்துவிட்டேன். கரும்பின் சோகை இலை முகத்தையும் கையையும் அறுத்தது. எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது ஒன்றுதான்: பெண்டாட்டி உள்ளே இருந்தால் கொளுத்த மாட்டார். கொளுத்த மாட்டார்தானே என்றும் தோன்றியது. பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவரைப் பற்றி அப்படி நினைக்க வேண்டியிருந்ததே என்று அழுகை வந்தது.

நடுக்கொல்லையில் நின்று மூச்சு வாங்கியபோது, வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல்.

"உள்ள யாருனா இருக்கீங்களா?"

கேட்கிறாரே என்று ஒரு நொடி நிம்மதியாகத்தான் இருந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் பக்கத்துக் கரும்பு வரிசைச் சாலில், கைக்கெட்டும் தூரத்தில், அவளைப் பார்த்தேன். ரவிக்கை தைக்க வந்த அதே பெண். உட்கார்ந்த நிலையில் சேலையை முழங்காலுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஆம்பிளைக் குரல் வந்த திசையைப் பார்த்தபடி, மூச்சைக்கூட விடாமல் இருந்தாள்.

"யாருனா இருந்தா குரல் குடுங்க" என்று அவர் மறுபடியும் கத்தினார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை இன்னும் குனிந்துகொண்டாள்.

வெளியே சருகைக் கூட்டும் சரசரப்பு கேட்டது. இத்தனை நாள் அடக்கி வைத்த கத்தல் மொத்தமும் எனக்கு அப்போது வந்தது.

"நான் இருக்கேன். எங்கூட இன்னொரு பொண்ணு இருக்குது. நீங்க கூப்டதுக்கு அது வாயே தொறக்கல. எப்டிங்க தொறக்கும்?"

சரசரப்பு நின்றது. வெளியே வந்தபோது அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். காலடியில் சருகுக் குவியல், கையில் நசுங்கிய தீப்பெட்டி. என் முகத்தில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. "கூப்டனே. ரெண்டு தரம் கூப்டனே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் கரும்பை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்க்காமல், வெட்கத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்தச் சருகுக் குவியலைச் சுற்றிக்கொண்டு போனாள். அது எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் வேப்பமரத்தடிக்குப் போய்ச் சேரும்வரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கூப்பிட்டேன் என்று அதற்கப்புறம் அவர் சொல்லவில்லை.