பேர் கேட்கும் ஒப்பாரி

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையம். நடைமேடைக் கோடியில், வேப்பமரத்தடியில் டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்திருக்கிறேன். எதிரே முனியம்மாள், சாவு வீடுகளில் ஒப்பாரி பாடுகிறவர். சாவில்லாத வீட்டில் ஒப்பாரி பாடினால் சாவு விழும் என்று என்னை இங்கே கூட்டிவந்துவிட்டார். சென்னையில் என் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியரோ, ஒப்பாரி இசையே இல்லை, தலைப்பை மாற்று என்கிறார். மாற்றப் போவதில்லை.

மைக்கை நீட்டுகிறேன். முனியம்மாள் பாடவில்லை.

"பொணம் இல்லாம எப்டி டீச்சரம்மா பாடறது? செத்தவங்க பேரு ஒண்ணு சொல்லு."

பேராசிரியர் பெயரைச் சொல்கிறேன்.

"எப்போ செத்தாரு?"

"நல்லாத்தான் இருக்கார். நீங்க பாடறது பாட்டே இல்லைங்கிறார்."

முனியம்மாள் வெற்றிலைச் சாற்றைத் துப்புகிறார்.

"அப்டியா? உசுரோட கீறவங்களுக்குப் பாடுனா ஆயுசு கெட்டி. இருக்கட்டும்."

தொழிற்பேட்டைச் சங்கு ஓயும்வரை பொறுத்து, மாரில் அடித்துக்கொண்டு தொடங்குகிறார். இரண்டாம் அடியிலேயே பேராசிரியர் பெயர் வந்துவிடுகிறது.

திங்கட்கிழமை இந்த டேப்பை அவர் மேஜையில் வைப்பேன். இசையா இல்லையா என்று, தன் ஒப்பாரியை முழுதாகக் கேட்டுவிட்டு எழுதட்டும்.